கொண்டல் கொணரும் மழை

நுழையும்முன்

கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. உள்ளே அமைந்த ஊர். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது, அலையோசையும் கேட்காது. ஆயினும் அவ்வூர் உழவர் நாற்று நடும் நாளையும், அருகிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்தில் மழைநீர் தேங்கும் நாளையும், ஏரி நிறையும் நாளையும் கடலே முடிவு செய்கின்றது. கடல் கொடுக்கும் நீரையும் வெப்பத்தையும் காற்று சுமந்து வந்து நிலத்துக்கு அளிக்கின்றது. இவ்விரண்டும் இணைந்து நம் வானிலையையும் காலநிலையையும் உருவாக்கும் முறையை நம் வட்டாரத்து நிகழ்வுகளின் வழி அறிவோம்.

வானிலையும் காலநிலையும்

இன்று வெயில் அடிப்பதும் நாளை மழை பெய்வதும் வானிலை. ஓரிடத்தில் நிலவும் வானிலையை நீண்ட காலம் அளந்து, அதிலிருந்து பெறும் பொதுத்தன்மை காலநிலை. வானிலை ஆய்வாளர்கள் பெரும்பாலும் முப்பது ஆண்டு அளவீடுகளைக் கொண்டு காலநிலையைக் கணக்கிடுவர். ‘இவ்வாண்டு ஐப்பசியில் மழை குறைந்தது’ என்பது வானிலைச் செய்தி. ‘நம் ஊரில் ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம்’ என்பது காலநிலைச் செய்தி. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால், ஓர் ஆண்டின் வெள்ளத்தையோ வறட்சியையோ கண்டு அவசர முடிவுக்கு வரமாட்டோம்.

தமிழர் காலநிலையைக் கூர்ந்து நோக்கியவர்கள். ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். காற்றுக்கும் அது வரும் திசையைக் கொண்டு பெயர் சூட்டினர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். கொண்டல் என்னும் சொல் மழைமேகத்தையும் குறிக்கும். கீழைக்கடலிலிருந்து வரும் காற்றே மேகத்தைக் கொணர்கின்றது என்னும் பட்டறிவு அச்சொல்லில் பதிந்துள்ளது. அப்பட்டறிவுக்கான காரணத்தை இன்றைய அறிவியல் விளக்குகின்றது.

வெப்பத்தின் களஞ்சியம்

புவிப்பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காடு கடல். கதிரவனிடமிருந்து புவி பெறும் வெப்பத்தின் பெரும்பகுதி கடலையே சென்றடைகின்றது. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்த ஒரு கலோரி வெப்பம் வேண்டும். அதே அளவு உலர்ந்த மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதனால் சித்திரை வெயிலில் நெய்வேலி மண் கால் வைக்க இயலாதபடி சுடும்போது, கடலூர்க் கடல்நீர் இதமாகவே இருக்கின்றது. இரவில் மண் விரைவில் குளிர்கின்றது. கடலோ பெற்ற வெப்பத்தைப் பொத்திவைத்து மெல்ல வெளிவிடுகின்றது. கடலின் மேற்பரப்பில் ஏறத்தாழ மூன்று மீட்டர் ஆழத்து நீர் மட்டுமே, வளிமண்டலம் முழுவதும் கொள்ளக்கூடிய அளவு வெப்பத்தைத் தன்னகத்தே கொள்ள வல்லது.

இவ்வேறுபாட்டின் எளிய விளைவே கடற்காற்று. பகலில் நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி, விரிந்து, மேலெழுகின்றது. அவ்விடத்தில் காற்றழுத்தம் குறைகின்றது. அழுத்தம் மிகுந்த கடற்பகுதியிலிருந்து குளிர்ந்த காற்று அவ்விடத்தை நோக்கி வீசுகின்றது. கோடை நண்பகலில் கடலூரைத் தணிவிக்கும் இக்காற்று, உள்நாடு நோக்கி நகர்ந்து வரச் சில மணி நேரம் ஆகும். கரையோர ஊர்களைவிட உள்நாட்டு ஊர்கள் மிகுதியாக வெதும்புவதற்குக் காரணம் இதுவே.

நீர் ஆவியாகும்போதும் வெப்பத்தை உட்கொள்கின்றது. நம் கடற்பகுதியின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அவ்வெப்பம் மறைவதில்லை, நீராவிக்குள் ஒளிந்து காற்றுடன் பயணம் செய்கின்றது. நீராவி குளிர்ந்து மேகத்துளியாக மாறும்போது, அதே அளவு வெப்பம் வளிமண்டலத்தில் வெளிப்படுகின்றது. இதனை உள்ளுறை வெப்பம் என்பர். ஒரு மழைமேகம் நீரை மட்டும் சுமந்து வருவதில்லை; கடல் சேமித்த கதிரவனின் ஆற்றலையும் சுமந்து வருகின்றது. புயலின் வலிமைக்கான விளக்கம் இங்குதான் உள்ளது.

இரு பருவக்காற்றுகள்

கடற்காற்று ஒரு நாளில் செய்வதைப் பருவக்காற்று ஓர் ஆண்டில் செய்கின்றது என்பது ஓரளவு பொருத்தமான ஒப்புமை. நிலமும் கடலும் வெவ்வேறு அளவில் சூடேறுவதே பருவக்காற்றுக்குக் காரணம் என்று ஆங்கிலேய அறிஞர் எட்மண்ட் ஹேலி 1686ஆம் ஆண்டிலேயே எழுதினார். புவியின் சுழற்சி, மலைகளின் அமைப்பு, மேல்வளிமண்டலக் காற்றோட்டம் ஆகியனவும் அதில் பங்கேற்பதைப் பின்வந்தோர் கண்டறிந்தனர்.

வேனிலில் இந்திய நிலப்பரப்பும் திபெத்து மேட்டுநிலமும் கடுமையாகச் சூடேறுகின்றன. தென்கோளத்திலிருந்து வரும் காற்று நிலநடுக்கோட்டைக் கடந்ததும், புவியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகின்றது. அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் அக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து உயர்த்துகின்றது. உயர்ந்த காற்று குளிர்ந்து, ஜூன் மாதத் தொடக்கத்தில் கேரளத்தில் பெருமழையைப் பொழிகின்றது. மலையைக் கடந்து தமிழகத்தில் இறங்கும்போது அக்காற்றில் ஈரம் குறைந்துவிடுகின்றது. இறங்கும் காற்று வெப்பமும் அடைகின்றது. ஆகவே அம்மியும் பறக்கும் என்று சொல்லப்படும் ஆடிக்காற்று நம் பகுதியில் மழையைக் காட்டிலும் புழுதியையே மிகுதியாக எழுப்புகின்றது. மாலை நேரத்து இடிமழையே அப்பருவத்தில் கடலூர் மாவட்ட உள்நாட்டு ஊர்களுக்குக் கிடைக்கும் கொடை.

புரட்டாசி முடிவில் நிலை மாறுகின்றது. ஆசியாவின் வடபகுதி குளிர்கின்றது. அங்குக் காற்றழுத்தம் உயர்கின்றது. வங்கக்கடலோ வேனிலில் பெற்ற வெப்பத்தை இன்னும் இழக்காமல் இருக்கின்றது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று அக்கடலின் மேல் நெடுந்தொலைவு பயணம் செய்து, ஈரத்தைப் பெற்றுத் தமிழகக் கடற்கரையை அடைகின்றது. இதுவே அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. நம் முன்னோர் ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று கூறியது இதனையே. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இம்மூன்று மாதங்களில் கிடைக்கின்றது; கடலோர மாவட்டங்களில் இப்பங்கு இன்னும் மிகுதி.

மூன்று மாதத்து மழையை ஒன்பது மாதத்துக்கும் பயன்படுத்த வேண்டிய நாடு நம் நாடு. வீராணம், பெருமாள் ஏரி போன்ற நீர்நிலைகள் எழுந்தது இத்தேவையால்தான். பருவக்காற்றின் இயல்பை அறிந்தவர்களே ஏரி வெட்டும் கலையில் சிறந்தார்கள்.

தாழ்வுப் பகுதி முதல் புயல் வரை

வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதி சீராகப் பெய்வதில்லை. வங்கக்கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகளால் சில நாள்களில் கொட்டித் தீர்க்கின்றது. கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும்போது நீர் மிகுதியாக ஆவியாகின்றது. ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து மேகமாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுகின்றது. அவ்வெப்பம் சுற்றியுள்ள காற்றை மேலும் சூடாக்கி மேலெழச் செய்கின்றது. கீழே அழுத்தம் இன்னும் குறைய, நாற்புறத்திலிருந்தும் ஈரக்காற்று விரைந்து வருகின்றது. புவியின் சுழற்சி அக்காற்றை நேராக மையம் நோக்கிச் செல்லவிடாமல் திருப்புவதால், வடகோளத்தில் அது கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் இத்திருப்பும் விசை மிகக் குறைவு. ஆகையால் அங்குப் புயல் தோன்றுவது மிக அரிது. புயல் கரையைக் கடந்ததும் கடல்நீராவியின் வரத்துக் குறைகின்றது. நிலத்தின் உராய்வும் சேர்ந்து அதனை வலுவிழக்கச் செய்கின்றது.

தெரிந்து தெளிவோம்

காற்றின் வேகத்தைக் கொண்டு இந்திய வானிலை ஆய்வுத்துறை இட்டுள்ள பெயர்கள்:
காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி – மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழ்
காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் – 31 முதல் 50 கி.மீ.
ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் – 51 முதல் 62 கி.மீ.
புயல் – 63 முதல் 88 கி.மீ.
இதற்கு மேல் தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் என வகைகள் தொடரும். துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டவை.

காற்றால் வந்த அழிவு: 2011

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அதிகாலையில் ‘தானே’ என்னும் மிகத் தீவிரப் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகத்தில் வீசியது. எதிர்த்திசைச் சுழற்சியின் காரணமாக, நம் கீழைக்கரையைக் கடக்கும் புயலின் வடபுறத்தில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். கடல்நீரையும் கரைமேல் தள்ளும். தென்புறத்தில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். புயல் கடக்கும் இடம் சிறிது மாறினாலும் ஊர்களின் நிலை மாறுவது இதனால்தான்.

பண்ருட்டி வட்டாரத்தின் செம்மண் நிலம் பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்றது. ஒரே காலைப்பொழுதில் அத்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நெற்பயிர் அழிந்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் நடலாம். முந்திரிக்கன்று நிறைந்த பயன் தரப் பல ஆண்டுகள் ஆகும். பாட்டன் நட்ட பலாவின் இடத்தை ஈடுசெய்ய ஒரு தலைமுறை வேண்டும். சில மணி நேரத்து வானிலை ஒரு குடும்பத்தின் பல ஆண்டு வருவாயை எடுத்துச் சென்றதை அம்மக்கள் கண்டனர். மரங்களோடு, அவற்றை நம்பிப் பழம் பறித்தோரும் கொட்டை உடைத்தோரும் வேலை இழந்தனர்.

மழையால் வந்த அழிவு: 2015

நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த பேரிடர் வேறு வகையினது. 2015 நவம்பர் 9ஆம் நாள் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகத்தை மட்டும் நோக்கினால் அது புயல் என்னும் நிலையைக்கூட எட்டவில்லை. ஆயினும் நவம்பர் 9, 10 நாள்களில் நெய்வேலியில் பதிவான மழை 483 மி.மீ. ஒரே நாளில் 204.4 மி.மீ.க்கு மேல் பெய்தாலே அதனை அதிகனமழை என்று வானிலை ஆய்வுத்துறை குறிக்கும். நெய்வேலியில் பெய்தது அதைப்போல் இரு மடங்கிற்கும் மேல்.

இவ்வளவை ஒரு கணக்கால் உணரலாம். ஓர் ஏக்கர் நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதன்மேல் 483 மி.மீ. மழை பெய்தால் கிடைக்கும் நீர் ஏறத்தாழ 19.5 இலட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 160க்கு மேல் வந்து ஓர் ஏக்கரில் நீரைக் கொட்டியதற்கு இது சமம். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கருக்கும் இக்கணக்கை விரித்துப் பாருங்கள். ஓடைகளும் பரவனாறும் கொள்ளாத நீர் ஊர்களுக்குள் புகுந்தது. பண்ருட்டி வட்டாரச் சிற்றூர்களில் திடீர் வெள்ளம் உயிர்களைப் பறித்தது.

மெல்ல நகரும் தாழ்வு மண்டலம் ஒன்று, கடலிலிருந்து ஈரக்காற்றைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால், காற்று வலுவின்றியும் பெருவெள்ளம் வரும். காற்றின் வேகமும் மழையின் அளவும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று எண்ணுதல் தவறு. ‘புயல் இல்லை’ என்னும் செய்தியை ‘ஆபத்து இல்லை’ என்று பொருள்கொள்ளலாகாது என்பதே 2015 கற்பித்த பாடம்.

பசிபிக் கடலும் தாது ஆண்டுப் பஞ்சமும்

நம் மழையை வங்கக்கடல் மட்டும் முடிவு செய்வதில்லை. பல்லாயிரம் கி.மீ. தொலைவிலுள்ள பசிபிக் பெருங்கடலும் அதில் பங்கு கொள்கின்றது. இவ்வுண்மையைக் கண்டறியும் தேடலுக்குப் பின்னால் நம் நாட்டின் பெருந்துயரம் ஒன்று உள்ளது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைத் தமிழ்மக்கள் ‘தாது வருடப் பஞ்சம்’ என்பர். மழை பொய்த்ததோடு, தானியம் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானதும் அரசின் உதவி போதாமையும் சேர்ந்து இலட்சக்கணக்கானோர் மாண்டனர். இந்திய வானிலை ஆய்வுத்துறை 1875ஆம் ஆண்டு நிறுவப்பட்டிருந்தது. மழை பொய்ப்பதை முன்கூட்டி அறிய முடியுமா என்னும் வினா அத்துறையின் முதன்மையான பணியாயிற்று.

1904ஆம் ஆண்டு அத்துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கணிதவியல் அறிஞர். உலகின் பல இடங்களில் பதிவான காற்றழுத்த, மழை அளவீடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதியில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடற்பகுதியில் தாழ்வதையும், அங்குத் தாழும்போது இங்கு உயர்வதையும் கண்டு, அதற்குத் ‘தெற்கு அலைவு’ எனப் பெயரிட்டார். இதனைப் பெருங்கடலின் வெப்பநிலை மாற்றத்தோடு இணைத்து 1969இல் விளக்கியவர் ஜேக்கப் பியர்க்னஸ்.

வழக்கமான ஆண்டுகளில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, பசிபிக்கின் வெந்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளுகின்றது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்காற்று தளர்கின்றது. வெந்நீர் தென்னமெரிக்காவை நோக்கிப் பரவுகின்றது. இதுவே எல் நினோ. அது நிகழும் ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நலிகின்றது. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் வலுக்கின்றது. 1877ஆம் ஆண்டில் வலிய எல் நினோ நிலவியதைப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. 2015இலும் வலிய எல் நினோ நிலவியது. நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 விழுக்காடு குறைய, தமிழகத்தில் வெள்ளம் பெருகியது. மறு ஆண்டே நிலை தலைகீழாயிற்று. 2016இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வயல் அடுத்த ஆண்டே வெடித்துக் கிடந்தது. எல் நினோ ஒன்றே இவையனைத்துக்கும் காரணமன்று. இந்தியப் பெருங்கடலின் வெப்ப ஏற்றத்தாழ்வு உள்ளிட்ட பிறவும் உண்டு. ஆயினும் கடல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்பது உறுதி.

நிலத்தடியில் ஒரு பழைய காலநிலை

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி என அறியப்பட்டு, 1956இல் நெய்வேலி நிறுவனம் உருவாயிற்று. 1962இல் மின்னுற்பத்தி தொடங்கியது. இந்நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் வெப்பமும் ஈரமும் மிகுந்த காலநிலையில் செழித்த சதுப்புநிலக் காட்டின் எச்சம். அக்காட்டு மரங்கள் காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுத்துத் தம் உடலில் சேர்த்துவைத்தன. அவை மண்ணில் புதைந்து நிலக்கரியாயின. அதனை எரிக்கும்போது, அன்று சேர்த்த கரி மீண்டும் காற்றை அடைகின்றது.

நெய்வேலியின் மின்சாரம் நம் இல்லங்களுக்கு ஒளியையும், ஆலைகளுக்கு ஆற்றலையும், பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வையும் தந்துள்ளது. இதனை மறுப்பதற்கில்லை. அதே வேளையில், உலகெங்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்பட்டதால், பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420க்கு மேல் உயர்ந்துள்ளது என்பதையும் மறுப்பதற்கில்லை. இவ்வாறு புவியில் தேங்கும் மிகை வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் கடல் உட்கொண்டுள்ளது. கடல் நமக்காக வெப்பத்தைத் தாங்கி நிற்கின்றது. அதற்கு ஒரு விலையும் உண்டு. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைக் கொள்ளும். சூடான கடலும் ஈரம் மிகுந்த காற்றும் கூடும்போது பெருமழையின் கடுமை உயரும். நெய்வேலி நிறுவனமே இன்று தமிழகத்தில் 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்னுற்பத்தி அமைப்புகளை நிறுவியுள்ளது, காலம் வேண்டும் மாற்றத்தின் ஓர் அடையாளம்.

நாம் செய்ய வேண்டுவன

கடலையோ காற்றையோ நம்மால் கட்டிவைக்க இயலாது. அவற்றின் போக்கை அறிந்து வாழ இயலும். வானிலை அறிக்கையில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. அதனை அறிந்தவர், வதந்தியை நம்பார், எச்சரிக்கையை இகழார். ஓடையும் வாய்க்காலும் ஆக்கிரமிப்பின்றி இருந்தால் 48 செ.மீ. மழையின் சேதம் குறையும். ஏரி தூர்வாரப்பட்டிருந்தால் 2016 போன்ற ஆண்டில் ஒருபோகமேனும் மிஞ்சும். வெள்ளத்தையும் வறட்சியையும் எதிர்கொள்ளும் இடம் ஒன்றே. அது நம் ஊர் ஏரிக்கரை.

கம்மாபுரத்து வயலில் விழும் மழைத்துளி, வங்கக்கடலில் ஆவியாகி, வடகிழக்குக் காற்றில் ஏறி, தொலைதூரப் பசிபிக்கின் போக்கிற்கும் உட்பட்டு வந்தது. அத்தனை தொலைவு பயணம் செய்து வரும் நீரை, வந்த நாளிலேயே மீண்டும் கடலுக்கு அனுப்பிவிடாமல் காப்பது நம் கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் முதியவர்களிடம் மழை, காற்று பற்றிய பழமொழிகளைத் திரட்டி, அவற்றுக்கான அறிவியல் காரணத்தை எழுதுக.
2. ஐப்பசி மாதம் முழுவதும் வானிலை அறிக்கையைக் கேட்டு, அதில் இடம்பெறும் கலைச்சொற்களைத் தொகுத்துப் பொருள் தருக.
3. உங்கள் ஊர் ஏரி அல்லது குளத்துக்கு நீர் வரும் வழியையும் வெளியேறும் வழியையும் படமாக வரைந்து, தடைகள் உள்ள இடங்களைக் குறித்து ஊராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.